ஒரு மீட்டர் நீள ஆறு

உங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கீறலோ செதிலோ கொப்புளமோ கண்ணில் படுகிறதா? அநேகமாக இருக்காது. இருந்திருந்தால் கடைக்காரரிடம் சண்டை போட்டு மாற்றிக்கொண்டு வந்திருப்பீர்கள்.

அந்த வழவழப்பை நாம் யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. ஆனால் அதற்குப் பின்னால் நூறு வருஷத்துக்கும் மேலான போராட்டம் இருக்கிறது. உருக்கை உருக்குவதற்கான போராட்டம் அல்ல. அதை மனிதன் எப்போதோ கற்றுக்கொண்டுவிட்டான். உருக்கியதை ஒழுங்காக உறைய வைப்பதற்கான போராட்டம்.

அதில் என்ன பெரிய கஷ்டம் என்கிறீர்களா? கேளுங்கள்.

பழைய முறை ஏறக்குறைய நம் இட்லி முறைதான். உலையில் உருக்கு தயாரானதும் ஒரு ராட்சத வாளியில் பிடிப்பார்கள். வரிசையாக நிற்கும் இரும்பு அச்சுகளில் ஊற்றுவார்கள். ஆறும்வரை காத்திருப்பார்கள். அச்சைக் கழற்றினால் உள்ளே பல டன் எடையில் ஒரு கட்டி. இங்காட் என்று பெயர். அதை மறுபடி குழி அடுப்பில் சூடேற்றி, பிரம்மாண்ட உருளைகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓட்டி நசுக்கினால் பலகை மாதிரி ஆகும். பலகையை இன்னும் நசுக்கினால் தகடு. எத்தனை வேலை பாருங்கள். ஆற வைக்க வேண்டியது, அப்புறம் ஆறியதைச் சுட வைக்க வேண்டியது!

போதாக்குறைக்கு இன்னொரு நஷ்டம். கட்டி வெளியிலிருந்து உள்நோக்கி உறையும். உறையும்போது சுருங்கும். கடைசியாக உறைகிற நடுப்பகுதிக்கு ஊற்று போதாமல் மேலே ஒரு பள்ளம் விழும். அழுக்கும் அங்கேதான் வந்து சேரும். அந்தத் தலைப்பகுதியை வெட்டி மீண்டும் உலையில் போடத்தான் வேண்டும். 100 டன் ஊற்றினால் 85 டன் கைக்கு வந்தாலே நல்ல வியாபாரம்.

ஹென்றி பெஸ்ஸமர் என்கிற ஆங்கிலேயருக்கு இது பொறுக்கவில்லை. 1856ல் மலிவாக, மூட்டை மூட்டையாக உருக்கு தயாரிக்கும் முறையை உலகத்துக்கு அறிவித்த அதே பெஸ்ஸமர்தான். கரும்பு ஜூஸ் மெஷின் பார்த்திருப்பீர்கள். இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். நடுவில் கரும்பைக் கொடுப்பார்கள். பெஸ்ஸமர், உள்ளே தண்ணீர் ஓடும் இரண்டு உருளைகளைச் சுழலவிட்டு, நடுவில் கரும்புக்குப் பதில் உருகிய உலோகத்தை ஊற்றலாம் என்றார். மேலே திரவம். கீழே தகடு. கட்டியும் இல்லை, குழி அடுப்பும் இல்லை.

யோசனை பிரமாதம். காப்புரிமையும் வாங்கினார். நடைமுறையில்? ம்ஹூம். 1891ல், எழுபத்தெட்டு வயதில், பொறியாளர்கள் கூடிய சபையில் மறுபடியும் இதைப் பற்றியே கட்டுரை வாசித்தார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

நடுவில் 1887ல் ஜெர்மனியில் டேலன் என்பவர் வேறொரு வழி சொன்னார். முறுக்குக் குழலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலேயும் திறப்பு, கீழேயும் திறப்பு. சுவரைச் சுற்றித் தண்ணீர். மேலே ஊற்றினால் சுவரை ஒட்டிய பகுதி உறைந்து ஒரு தோல் உண்டாகும். உள்ளே இன்னும் குழம்புதான். அந்தத் தோலோடு சேர்த்துக் கீழேயிருந்து மெல்ல இழுத்துக்கொண்டே, வெளியே வந்த பாகத்தின் மீது தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் உள்ளேயும் உறைந்துவிடும். ஊற்றிக்கொண்டே இருக்கலாம். இழுத்துக்கொண்டே இருக்கலாம். ஆரம்பத்தில் அடிப்பக்கம் ஒழுகாமலிருக்க ஒரு கம்பியைச் சொருகி அடைத்துவிட்டு, அதையே பிடித்து இழுக்க வேண்டியது. இன்றைக்கு உலகம் முழுக்க நடப்பது சாராம்சத்தில் இதுதான்.

அப்புறம் ஏன் இன்னொரு அறுபது வருஷம் ஆனது?

ஒட்டிக்கொண்டதுதான் காரணம். சூடான தோல் அச்சுச் சுவரில் பிடித்துக்கொள்ளும். கீழேயிருந்து இழுப்பார்கள். தோல் கிழியும். உள்ளேயிருக்கிற குழம்பு பிய்த்துக்கொண்டு கொட்டும். 1,500 டிகிரிச் சூட்டில் இருக்கிற உருக்கு. கீழே, சுற்றிலும், எங்கும் தண்ணீர். உருகிய உருக்கு தண்ணீரை உள்ளே சிறைப்பிடித்தால் ஒரே கணத்தில் நீராவியாகி வெடிக்கும். பக்கத்தில் நிற்பவர் கதி என்னவென்று நான் விவரிக்க வேண்டியதில்லை. பிரேக் அவுட் என்பார்கள். உருக்காலைகளில் இன்றைக்கும் அந்த வார்த்தையைச் சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

குல்ஃபிக்காரர் என்ன செய்கிறார்? குச்சியைப் பிடித்து நேராக இழுப்பதில்லை. உள்ளங்கையில் வைத்து உருட்டி, ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு எடுக்கிறார். ஸீக்ஃப்ரீட் யுங்கன்ஸ் என்ற ஜெர்மானியருக்குத் தோன்றியதும் கிட்டத்தட்ட அதேதான். அச்சு ஏன் அசையாமல் நிற்க வேண்டும்? உறைகிற உலோகத்தோடு சேர்ந்து கொஞ்சம் கீழே போகட்டும். சட்டென்று மேலே திரும்பட்டும். மறுபடி கீழே. 1933ல் யுங்கன்ஸ் இதைப் பித்தளைக்குச் செய்து காட்டினார். ஒட்டல் குறைந்தது.

இர்விங் ராஸி என்கிற அமெரிக்கப் பொறியாளர் அந்த வித்தையின் உரிமையை வாங்கிக்கொண்டு கிளம்பினார். உலகப் போர் வந்து எல்லாவற்றையும் நிறுத்திப்போட்டது. போர் முடிந்து, 1949ல் நியூயார்க் மாகாணத்தில் வாட்டர்விலீட் என்ற ஊரில் ஆடும் அச்சில் உருக்கு வார்க்கப்பட்டது. 1954ல் ராஸி ஸூரிக்கில் கான்காஸ்ட் என்று ஒரு கம்பெனி ஆரம்பித்து இந்த இயந்திரங்களை உலகத்துக்கு விற்க ஆரம்பித்தார். இங்கிலாந்தில் பாரோ என்ற ஊரில் ஹாலிடே என்ற பொறியாளர் ஒரு படி மேலே போனார். கீழே இறங்கும்போது அச்சு உருக்கை விடக் கொஞ்சம் வேகமாக இறங்கினால்? கிழிசல் இருந்தால் அது அழுத்தப்பட்டு ஒட்டிக்கொள்ளும் அல்லவா! ஒட்டிக்கொண்டது.

இனி தைரியமாக ஊற்றலாம். 1964ல் இங்கிலாந்தின் ஷெல்டன் ஆலை, கட்டி வார்க்கும் வேலையையே ஒழித்துவிட்டு முழுக்க முழுக்க இந்தத் தொடர்வார்ப்பு முறைக்கு மாறியது. அதே காலகட்டத்தில் இயந்திரமும் வளைந்தது. செங்குத்தாக வார்க்க மாடிக்கட்டடம் மாதிரி உயரம் வேண்டியிருந்தது. வில் போல வளைத்து இறக்கினால் கூரை உயரம் குறையும். காசு மிச்சம்.

ஆச்சா? வெற்றி. சுபம் போட்டுவிடலாம் என்று தோன்றுகிறதல்லவா? நிஜமான சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கம்பிக்கும் கர்டருக்கும் பிரச்னை இல்லை. கட்டடத்துக்குள் போய் மறைந்துவிடும். கார் கதவு? அது நாலு பேர் பார்க்கிற சமாசாரம். அதுவரை கார் உடம்புக்கான தகடு ஒரு தினுசான உருக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது. உறையும்போது உள்ளே வாயு கொப்பளிக்கும். அந்தக் கொதிப்பே கட்டியின் ஓரங்களைக் கழுவி, மேல்தோலைச் சுத்தமாக வைத்திருக்கும். மெல்லிய தோலை வைத்து இழுக்கிற தொடர்வார்ப்பில் அப்படிக் கொதிக்கவிட முடியுமா? உருக்கை முதலில் அமைதிப்படுத்தியாக வேண்டும். அதற்கு அலுமினியம் போடுவார்கள். அது ஆக்ஸிஜனைப் பிடித்துத் தின்று அலுமினாத் துகளாக மாறும். கொதிப்பு அடங்கும். துகள்?

அது உள்ளேயேதான் இருக்கும். மிதந்து மேலே வந்தால் தப்பித்தோம். உறைகிற தோலில் மாட்டினால் தொலைந்தோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பலகையின் கனம் 250 மில்லிமீட்டர். கார் கதவுத் தகடு சுமார் 0.8 மில்லிமீட்டர். முந்நூறு மடங்குக்கு மேல் மெலிகிறது. அகலம் அப்படியே இருக்கும் என்றால் நீளம் முந்நூறு மடங்கு. பலகையில் ஒரு மில்லிமீட்டர் அழுக்கு, தகட்டில் ஓர் அடி நீளக் கோடு. அதன்மேல் பெயின்ட் அடித்து ஷோரூமில் நிறுத்தினால் யார் வாங்குவார்கள்?

ஆக, துகள் எங்கே போகிறது என்பது தெரிந்தாக வேண்டும். துகளுக்குச் சொந்தக் கால் கிடையாது. ஓட்டம் எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகும். நூறு வருஷமாக எல்லோரும் உருக்கு எப்படி உறைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது எப்படி ஓடுகிறது என்று பார்க்கவேண்டிய நேரம் வந்தது.

அச்சின் ஆழம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். உருக்கு அதைக் கடக்க ஏறக்குறைய ஒரு நிமிஷம். அந்த ஒரு நிமிஷத்துக்குள் நடப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மேலே தொட்டியிலிருந்து உருக்கு காற்றில் படாமல் ஒரு பீங்கான் மாதிரிக் குழாய் வழியாக இறங்குகிறது. குழாயின் வாய் உருக்குக்குள்ளேயே முங்கியிருக்கும். அடியில் இடமும் வலமுமாக இரண்டு துளைகள். இரண்டு பக்கமும் சீறிக்கொண்டு கிளம்புகிற உருக்கு, எதிர்ச் சுவரில் போய் மோதி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி மேலே ஏறி, மேற்பரப்பில் திரும்பிக் குழாயை நோக்கி ஓடி வருகிறது. மறுபாதி கீழே ஆழத்துக்குப் போகிறது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சுழல்கள். ஒரு சின்னக் காட்டாறு.

மேற்பரப்பில் ஒரு பொடி தூவுவார்கள். ஆரம்ப காலத்தில் கடுகு இனத்து எண்ணெயை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் பொடி வந்தது. அது உருகி, அழுக்கை உறிஞ்சி, காற்றைத் தடுத்து, அச்சுக்கும் உருக்குக்கும் நடுவே வழுக்குத் தைலம் மாதிரி இறங்கும். நல்ல பொடிதான். ஆனால் மேற்பரப்பு ஓட்டம் கொஞ்சம் வேகமானால் என்னாகும்? மோர் கடைவது மாதிரி அந்தப் பொடிக் குழம்பையே அரித்து உள்ளே இழுத்துவிடும். காப்பாற்ற வந்ததே அழுக்காகிவிடும்.

அப்படியென்றால் மெதுவாக ஓடவிடலாமே? அங்கேயும் ஆபத்து. மேலே புதுச் சூடு வராவிட்டால் பாலாடை மாதிரி விளிம்பு உறைந்து, கொக்கி போல உள்பக்கம் வளையும். மிதந்து தப்பிக்க வருகிற துகளும் குமிழியும் அந்தக் கொக்கியில் சிக்கிக்கொள்ளும். வேகமும் கூடாது, நிதானமும் கூடாது! சாதாரணமாக, மேற்பரப்பில் நொடிக்கு 20லிருந்து 40 சென்டிமீட்டர் வரை இருந்தால் நல்லது என்கிறார்கள். காலை நடை போகிறவரை விட மெதுவு.

இன்னும் இருக்கிறது. அலுமினாத் துகள் குழாயின் உள்சுவரில் படிய ஆரம்பிக்கும். ரத்தக் குழாயில் கொழுப்பு படிகிற மாதிரி. ஒரு துளை அடைத்து இன்னொன்று திறந்திருந்தால், ஓட்டம் ஒரு பக்கமாகச் சாயும். அடைக்காமலிருக்க ஆர்கான் வாயுவை ஊதுவார்கள். அதன் பெரிய குமிழிகள் மேலே போய்விடும். பொடிக் குமிழிகள் ஓட்டத்தோடு கீழே போய், வளைந்த இயந்திரத்தில் வில்லின் உள்பக்கத் தோலில் ஒட்டிக்கொள்ளும். தகடாகித் திரும்பச் சூடேற்றும்போது உப்பிக் கொப்புளமாகும். ஒரு வியாதிக்கு மருந்து, மருந்தினால் இன்னொரு வியாதி.

சரி, இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. செம்புச் சுவர். மேலே பொடி. அந்தச் சூட்டில் எந்தக் கருவியும் அதிக நேரம் தாங்காது.

பதில், தண்ணீர்.

உருக்கு தண்ணீரை விட ஏழு மடங்கு கனம். சுமார் ஆறு மடங்கு பிசுபிசுப்பு. ஓட்டத்தைப் பொறுத்தவரை இரண்டையும் வகுத்து வருகிற எண்தான் முக்கியம். அந்த எண் உருகிய உருக்குக்கும் குழாய்த் தண்ணீருக்கும் கிட்டத்தட்ட ஒன்றே! அதாவது அச்சின் அளவிலேயே கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தொட்டி செய்து, தண்ணீர் விட்டு, கொஞ்சம் சாயம் கலந்தால், உருக்குக்குள் நடப்பதைச் சட்டை கசங்காமல் பார்க்கலாம். உலகம் முழுக்க உருக்காலைகளின் ஆராய்ச்சிக் கூடங்களில் இந்தத் தொட்டிகள் முளைத்தன. பொடிக்குப் பதில் எண்ணெய் மிதக்கவிட்டு, அது எப்போது உள்ளே இழுபடுகிறது என்று பார்த்தார்கள். துளையின் கோணத்தை ஐந்து டிகிரி மாற்றினால் என்ன, குழாயைக் கொஞ்சம் ஆழமாக முக்கினால் என்ன என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள்.

தண்ணீர் உறையாது, சூடும் இல்லை என்பதால் அது முழு உண்மை சொல்லாது. மீதியைக் கம்ப்யூட்டரிடம் கேட்டார்கள். 1989ல் அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிரையன் தாமஸ் இதற்காகவே உருக்குக் கம்பெனிகளைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சிக் கூட்டமைப்பை ஆரம்பித்தார். அதற்காக எல்லாம் கம்ப்யூட்டர் மயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஆலையில் நிஜ வேகத்தை அளக்க இன்றும் பயன்படுகிற ஒரு வழி என்ன தெரியுமா? ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்து, சில நொடிகள் மேற்பரப்பில் முக்கி எடுப்பது. ஆணி நுனியில் உருக்கு உறைந்து ஒரு குண்டு மாதிரி ஒட்டியிருக்கும். ஓட்டம் மோதிய பக்கம் உயரமாக, மறுபக்கம் தாழ்வாக. அந்தச் சரிவை வைத்து ஓட்டத்தின் திசையையும் வேகத்தையும் சொல்லிவிடுவார்கள். ஆணிதான். வேறொன்றுமில்லை.

கண்டுபிடித்தாயிற்று. கட்டுப்படுத்துவது? 1982ல் ஜப்பானின் கவாசாகி ஸ்டீல், மிஸுஷிமா ஆலையில் ஸ்வீடனின் ஆஸியா கம்பெனியோடு சேர்ந்து ஒரு காரியம் செய்தது. அச்சின் இருபுறமும் வலுவான மின்காந்தங்களைப் பொருத்தியது. அந்தச் சூட்டில் உருக்கைக் காந்தம் இழுக்காதே என்பீர்கள். உண்மை. ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். காந்தப் புலத்துக்குள் ஓடினால் அதற்குள்ளேயே மின்சாரம் பிறக்கும். பிறந்த மின்சாரம் ஓட்டத்துக்கு எதிராகவே தள்ளும். தொடாமலேயே பிரேக்! இதிலும் ஒரு பாடம் படித்தார்கள். பிரேக்கை அளவுக்கு மீறி அழுத்தினால் மேற்பரப்பு செத்துப்போய், பழைய கொக்கிப் பிரச்னை திரும்ப வந்தது.

இப்போது கணக்குப்பிள்ளை புத்தியோடு ஒரு விஷயம் பார்ப்போம். யார் இதற்கெல்லாம் முன்வந்தார்கள், யார் தள்ளிப்போட்டார்கள்?

அமெரிக்க உருக்கு முதலாளிகளிடம் கட்டி வார்க்கும் அச்சும், குழி அடுப்பும், நசுக்கும் ஆலையும் ஏராளமாக இருந்தன. போட்ட முதல் கண்முன்னே நின்றது. ஓடுகிற இயந்திரத்தை உடைத்துவிட்டுத் தகராறு பிடித்த புது இயந்திரத்தை எதற்கு வாங்க வேண்டும்? கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ஜப்பானியர்கள் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1972ல் உற்பத்தியைத் தொடங்கிய ஓய்டா ஆலை முழுக்கத் தொடர்வார்ப்பை நம்பியே கட்டப்பட்டது. அடுத்த வருஷம் பெட்ரோல் விலை விஷமாக ஏறியது. ஆறியதைச் சூடாக்குகிற ஆடம்பரம் இனி யாருக்குக் கட்டும்?

1980ல் ஜப்பானிய உருக்கில் சுமார் 60 சதவீதம் தொடர்வார்ப்பு. அமெரிக்காவில் 20. ஐந்தே வருஷத்தில் ஜப்பான் 90ஐத் தாண்டியது. அமெரிக்கா அப்போதும் பாதியைத் தொடவில்லை. அதற்குள் அமெரிக்காவின் பல உருக்கு நகரங்கள் இருண்டுபோயின. 1977 செப்டம்பர் 19ம் தேதி யங்ஸ்டவுனில் ஓர் ஆலையை மூடுவதாக அறிவித்தபோது, ஏறக்குறைய 5,000 பேருக்கு வேலை போனது. அந்த ஊரார் அந்தத் திங்கள்கிழமையைக் கறுப்புத் திங்கள் என்றே இன்றும் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வார்ப்பு முறை ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அது பொய். பழைய உலைகள், இறக்குமதி, நிர்வாகம் என்று காரணங்கள் பல. ஆனால் 100 டன்னில் பத்துப் பன்னிரண்டு டன் மிச்சம் பிடிக்கிறவனோடு, பிடிக்காதவன் எத்தனை நாள் போட்டி போட முடியும்?

ஜப்பானியர்கள் இயந்திரத்தை வாங்கியதோடு நிற்கவில்லை என்பதுதான் கவனிக்கவேண்டியது. இயந்திரத்தை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ராஸியின் கம்பெனி காசு கொடுத்தவர்க்கெல்லாம் விற்றது. அந்த ஒரு மீட்டருக்குள் என்ன ஓடுகிறது என்று உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் கார் கம்பெனிகள் ஆர்டர் கொடுத்தன. கவனிப்புக்குக் கிடைத்த கூலி.

உயிர்களும் மிஞ்சின. அச்சின் செம்புச் சுவருக்குள் வரிசையாக வெப்பமானிகளைப் புதைத்தார்கள். எங்காவது தோல் ஒட்டிக் கிழியத் தொடங்கினால் அந்த இடத்தில் சூடு ஏறும். சற்று நேரத்தில் அதற்குக் கீழே உள்ளதிலும் ஏறும். அந்தத் தடத்தைப் பார்த்ததும் இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைக்கும். கிழிசல் ஆறுவதற்கு அவகாசம். பிரேக் அவுட் இன்னும் ஒழியவில்லை. வெகுவாகக் குறைந்திருக்கிறது.

இன்று உலகம் வருஷத்துக்கு 180 கோடி டன்னுக்கு மேல் உருக்கு வார்க்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் தொடர்வார்ப்பு. பெஸ்ஸமரின் இரட்டை உருளை? 2002ல் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் கிராஃபோர்ட்ஸ்வில் என்ற ஊரில், நியூகார் கம்பெனி அதையும் வியாபார ரீதியாக ஓட்டிக் காட்டிவிட்டது. உருளைக்கு நடுவே உருக்கு இறங்கி, மெல்லிய தகடாக வெளியே வந்தது. பெரியவர் இறந்து நூற்று நான்கு வருஷம் ஆகியிருந்தது.

அவர் யோசனையில் தப்பே இல்லை. உருளையையும் தண்ணீரையும் சரியாகத்தான் யோசித்திருந்தார். ஊற்றுகிற உருக்கு உள்ளே போய் எப்படித் திரும்பும், எங்கே மோதும், எதை அரித்துக்கொண்டு போகும் என்பதைப் பார்ப்பதற்கு அவர் காலத்தில் வழியில்லை. வழி பிறந்த பிறகும் அந்தக் குழாய் அடைப்பு இன்னும் முழுசாகத் தீரவில்லை. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுகூட எங்கோ ஓர் ஆலையில், ஒரு பொறியாளர் ஆணிப் பலகையை முக்கி எடுத்து, சரிவு எந்தப் பக்கம் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருப்பார்.